வாகனம் மோதி ஒருவர் இறந்துவிட்டால்: கொழும்பில் நம்மவர்கள் செய்யும் தவறுகள்

காலி வீதியில் ஒரு விபத்து, ஆள் இறந்துவிட்டார் என்றால் அன்றிரவே இரண்டு வீட்டிலும் ஒரே பேச்சுத்தான்: "பெரியவர்களை வைத்துப் பேசி முடிப்போம்." எனக்கு முதல் கவலை இதில்தான். கவனயீனமாக ஓட்டி மரணம் விளைவிப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின் கீழ் குற்றம். 5 ஆண்டு வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். இது இரண்டு குடும்பம் இணங்கி முடிக்கக்கூடிய குற்றமல்ல, வழக்கு நடத்துவது அரசு. மரணச் செலவுக்குக் காசு கொடுப்பது மனிதாபிமானம், தண்டனை தீர்மானிக்கும்போது நீதவான் அதைக் கவனிக்கவும் கூடும், ஆனால் வழக்கு அதனால் காணாமற்போகாது. "இனி நாங்கள் பொலிஸுக்கு வரமாட்டோம்" என்று இறந்தவரின் வீட்டாரிடம் கடிதம் எழுதி வாங்குவதும் இதே தவறுதான்.

அடுத்தது தப்பி ஓடுவது. சனம் கூடி அடித்துவிடும் என்ற பயம் உண்மையானது, அதை நான் மறுக்கவில்லை. சரி, அப்படியென்றால் நேரே பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்குப் போய் நில்லுங்கள், வீட்டுக்குப் போகாதீர்கள். நிறுத்துவது, காயப்பட்டவருக்கு உதவுவது, பொலிஸுக்கு அறிவிப்பது எல்லாம் மோட்டார் வாகனச் சட்டம் சாரதிமேல் சுமத்தும் கடமைகள், மீறினால் அதுவே தனிக் குற்றம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அந்த ஓர் அழைப்பில் ஒரு உயிர் பிழைத்தால் 298 என்ற பேச்சே எழாது.

ஆளை மாற்றுவதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். லைசன்ஸ் இல்லாத மகன் ஓட்டியிருப்பான், அப்பா "நான்தான் ஓட்டினேன்" என்று வாக்குமூலம் கொடுத்துவிடுவார், இல்லாவிட்டால் முதலாளி ஓட்டியதைச் சம்பளத்துக்கு நிற்கும் சாரதி ஏற்றுக்கொள்வார், பாசமோ விசுவாசமோ எதுவானாலும் சரி. குற்றவாளியைக் காப்பாற்றப் பொய்த் தகவல் கொடுப்பது தனிக் குற்றம். வெள்ளவத்தையில் கடைக்குக் கடை கமரா இருக்கும் காலத்தில் இந்தப் பொய் எத்தனை நாள் நிற்கும்? பிடிபட்டால் ஒருவர்மேல் இருந்த வழக்கு இருவர்மேலாகும், அதன்பிறகு அந்தக் குடும்பம் சொல்லும் உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள்.

வாக்குமூலம் என்றதும் இன்னொன்று. கொழும்பில் பெரும்பாலும் சிங்களத்திலேயே எழுதுவார்கள், நம்மவர்கள் பதற்றத்தில் "சரி, சரி" என்று தலையாட்டிவிட்டு வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வைத்துவிடுவார்கள். தமிழில் அலுவல் பார்க்கும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. தமிழில் பதியச் சொல்லிக் கேளுங்கள், முடியாது என்றால் தமிழில் வாசித்து விளக்கிய பிறகு மட்டும் கையெழுத்திடுங்கள். பொலிஸாரிடம் செய்த குற்ற ஒப்புதலைச் சான்றாக வைத்துத் தண்டிக்க முடியாதுதான். ஆனால் பிறகு நீதிமன்றத்தில் நீங்கள் வேறுமாதிரிச் சொன்னால், அன்று சொன்னதை எடுத்துக்காட்டி உங்களை மடக்கலாம்.

"முதல் தடவைதானே, உள்ளே போடமாட்டார்கள்" என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. 2 ஆண்டுக்கு மேற்படாத சிறையைத்தான் நீதிமன்றம் ஒத்திவைக்க (தண்டனை விதித்தும் உள்ளே அனுப்பாமல் விட) முடியும், அதையும் கட்டாயம் ஒத்திவைக்க வேண்டும் என்றில்லை. ஒத்திவைத்த காலத்துக்குள் மறுபடி குற்றம் செய்தால் பழைய சிறையும் சேர்ந்து வரும். குடித்துவிட்டு ஓட்டி மரணம் நேர்ந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் அதற்கு வேறாகத் தண்டனை இருக்கிறது, சாரதி அனுமதிப்பத்திரமும் ரத்தாகும். ஆள் சாகக்கூடும் என்று தெரிந்தே பந்தயம் ஓடியது போன்ற நடத்தை என்றால் சட்டமா அதிபர் 298ஐ விட்டு 297க்குப் போகவும் வழி உண்டு, அது கைமோசக் கொலை, அதாவது கொலைக்குற்றம் என்ற அளவுக்குப் போகாத ஆட்கொலை, தண்டனையும் மிகக் கடுமை.

"அவர்தான் குறுக்கே வந்தார்" என்பதை மட்டும் நம்பி சட்டத்தரணி இல்லாமல் புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். இறந்தவரிலும் பிழை இருந்தது என்பது நட்டஈட்டு வழக்கில் தொகையைக் குறைக்கும், ஆனால் உங்கள் கவனயீனம்தான் மரணத்துக்குக் காரணம் என்று நிரூபணமானால் குற்ற வழக்கில் அது மட்டும் உங்களை விடுவிக்காது. பிரேக் பிழை என்று சொல்லப்போகிறீர்கள் என்றால் மோட்டார் வாகனப் பரிசோதகர் பார்க்கும் முன் வண்டியைக் கராஜுக்கு அனுப்பாதீர்கள்.

இறந்தவரின் வீட்டாருக்கும் சொல்ல இருக்கிறது, சொல்லப்போனால் இவர்களுக்குத்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவர்களை வழிநடத்த யாரும் வருவதில்லை. குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்: நட்டஈட்டு வழக்கை 2 ஆண்டுக்குள் தொடர வேண்டும், நீதவான் நீதிமன்ற வழக்கு அதைவிட நீளலாம். மரணச் சான்றிதழ், மரண விசாரணை அறிக்கை, பிரேத பரிசோதனை அறிக்கை, இறந்தவரின் சம்பளத் துண்டுகள் எல்லாவற்றையும் முதல் மாதத்திலேயே சேர்த்து வையுங்கள். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் புதுக்கடையிலேயே சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அப்புறம், காப்புறுதிக் கம்பனிக்காரர் வீட்டுக்கு வந்து ஒரு தொகையைச் சொல்லி, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளை நீட்டினால், சட்டத்தரணி பார்க்கும்வரை அதில் கையெழுத்து வைக்காதீர்கள்.