ரீஜெனரேட்டரை எந்த ஸ்டேஷன்ல வைக்கணும்? கம்மியா வச்சு சமாளிக்கிற வழி

ஃபைபர் நெட்வொர்க்ல தூரத்துக்கு சிக்னல் போய்ச் சேரலன்னு ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் (ஒரு ஸ்டேஷன்ல இருந்து இன்னொரு ஸ்டேஷனுக்குப் போற இணைப்பு) தனித்தனியா ரீஜெனரேட்டர் போட்டுட்டே போனா கொஞ்ச நாள்ல பாதி ஸ்டேஷன்ல அதுதான் உக்காந்திருக்கும். ஆம்ப்ளிஃபையர்னா ஒண்ணே ஃபைபர்ல ஓடுற எல்லா சேனலையும் (ஒவ்வொரு சேனலும் ஒரு அலைநீளம்) சேர்த்துத் தூக்கிடும், ரீஜெனரேட்டர் அப்படி இல்ல, ஒளிய மின்சாரமாக்கி சுத்தம் பண்ணி திரும்ப ஒளியாக்கணும், அதனால ஒவ்வொரு அலைநீளத்துக்கும் தனித்தனியா வேணும், செலவும் கிட்டத்தட்ட ரெண்டு டிரான்ஸ்பாண்டர் (மின் சிக்னல ஒளியாவும், ஒளிய மின் சிக்னலாவும் மாத்துற கருவி) செலவு.

அதனால முதல்ல, நிஜமாவே தேவையான்னு பாருங்க. ரீச்ச, அதாவது ரீஜெனரேட்டர் இல்லாம சிக்னல் போகக்கூடிய தூரத்த, வெறும் கிலோமீட்டர்ல அளக்காதீங்க. 1550 நானோமீட்டர்ல ஃபைபர் இழப்பு கிமீக்கு சுமார் 0.2 டிபி, கனெக்டர், ஸ்ப்ளைஸ் (ஃபைபர் ஒட்டு) எல்லாம் சேர்த்து 80 கிமீ ஸ்பேனுக்கு (ரெண்டு ஆம்ப்ளிஃபையருக்கு நடுவுல உள்ள ஃபைபர்) 20 டிபின்னு வச்சுக்கலாம். சேனலுக்கு 0 டிபிஎம் பவர், ஆம்ப்ளிஃபையர் நாய்ஸ் ஃபிகர் (அது தன் பங்குக்கு சேர்க்கிற நாய்ஸோட அளவு) 5 டிபின்னா ஒரு ஸ்பேன் தாண்டினதும் ஓஎஸ்என்ஆர் (நாய்ஸ விட சிக்னல் எவ்வளவு பெருசுங்கிற அளவு) 58 - 20 - 5 = 33 டிபி (58ங்கிறது இந்த ஃபார்முலாவுல வர்ற நிலையான எண்), பத்து ஸ்பேன் போனா 23, இருபது போனா 20. இப்ப நடுவுல ஒரே ஒரு ஸ்பேன் மட்டும் 30 டிபி இருந்தா? அது ஒண்ணே பத்து சாதா ஸ்பேன் அளவுக்கு நாய்ஸ் சேர்த்துடும்! அந்த இடத்துல ராமன் ஆம்ப்ளிஃபையர் (ஃபைபருக்குள்ளயே சிக்னல பெருக்குறது) போட்டா ரீஜெனரேட்டரே வேண்டாம்னு ஆகவும் வாய்ப்பு இருக்கு. ஒளியில டேட்டாவ ஏத்துற முறைய 16 க்யூஏஎம்ல (சிம்பலுக்கு 4 பிட்) இருந்து க்யூபிஎஸ்கேக்கு (2 பிட்) இறக்கினாலும் ரீச் நல்லா நீளும், ஆனா அதே பாட் ரேட்டுக்கு (நொடிக்கு அனுப்புற சிம்பல் எண்ணிக்கை) ஸ்பீடு பாதியாயிடும், அது கஸ்டமருக்குப் போதுமான்னு கேட்டுக்கோங்க. ஃபைபர் வெட்டுப்பட்டு ஒட்டினா இழப்பு ஏறும், அதுக்கு மார்ஜின் விட்டே கணக்கு போடுங்க. ஜிஎன்பை (GNPy)னு இலவச ஓப்பன் சோர்ஸ் டூல் இருக்கு, நான்லீனியர் பாதிப்பையும் (பவர் ஏறும்போது ஃபைபருக்குள்ளயே சிக்னல் கெடுறது) சேர்த்துப் பார்த்துடும்.

இதெல்லாம் பண்ணியும் தாண்டலன்னாதான் இடம் தேடணும். கணக்கு சுலபமா இருக்க ரீச் 1000 கிமீன்னு வச்சுக்குவோம். ஸ்டேஷன்களுக்கு நடுவுல தூரம் ஏ-பி 400, பி-சி 500, சி-டி 300, டி-இ 600. ஏ-ல இருந்து இ-க்கு 1800 கிமீ, ஒரே ரீஜெனரேட்டர்ல முடிக்கணும்னா சி மட்டும்தான் சரிவரும். இன்னொரு சர்க்யூட் எஃப்-சி 500, சி-ஹெச் 400, ஹெச்-கே 500. முடிஞ்ச தூரம் ஓடிட்டு நிக்கிற இடத்துல போடுங்கிற வழக்கமான ரூல்படி பார்த்தா ஹெச்ல வரும். தனியா பார்த்தா தப்பே இல்ல, ஆனா சி-ல போட்டாலும் 500, 900ன்னு வேலை நடந்துடுதே, அப்புறம் எதுக்கு ரெண்டாவது சைட்டுக்கு ரேக், பவர், ஸ்பேர் எல்லாம்?

பெரிய நெட்வொர்க்ல இத கண்ணால பார்த்து சொல்ல முடியாது. ரீஜெனரேட்டர் இல்லாமலே பேசிக்கக்கூடிய ஒவ்வொரு ரெண்டு நோடுக்கும் (ஸ்டேஷனுக்கும்) நடுவுல ஒரு கோடு போட்டு ஒரு படம் வரைங்க. ஒரு நோடுல ரீஜெனரேட்டர் வச்சா அதோட கோடு இருக்கிற நோடு எல்லாம் தங்களுக்குள்ளயும் பேசிக்கும், அதனால அவங்களுக்குள்ளயும் கோடு போட்டுடலாம். எந்த நோடுல வச்சா புதுசா அதிக ஜோடி சேருதோ அத எடுங்க, படத்த அப்டேட் பண்ணுங்க, எல்லா ஜோடியும் சேர்ற வரை இதே வேலை. ஒரு லிங்கே ரீச்ச விட நீளம்னா மட்டும் நடுவுல இருக்கிற ஆம்ப்ளிஃபையர் ஹட்டையும் நோடா சேர்த்துக்கோங்க.

மிகக் குறைஞ்ச எண்ணிக்கையக் கண்டுபிடிக்கிறது என்பி-ஹார்டு (நெட்வொர்க் பெருசானா சரியான விடைய வேகமா கண்டுபிடிக்க வழி தெரியாத வகை கணக்கு), அதனால இந்த வழி அதத்தான் தரும்னு கேரண்டி கிடையாது. அதனால முடிச்சதும் எடுத்த சைட்ட ஒவ்வொண்ணா தூக்கிப் பாருங்க, இல்லாமலும் எல்லாம் ஓடுதுன்னா அது வேண்டாம். இந்த செக்க மெயின் பாதைக்கு மட்டும் பண்ணிட்டு விட்டுடாதீங்க, ஃபைபர் கட்டானா டிராஃபிக் சுத்திப் போகும், அந்த பாதை பெரும்பாலும் இன்னும் நீளமா இருக்கும், அதுவும் ரீச்சுக்குள்ள வந்தாதான் சைட்ட தூக்கலாம்.