கருங்கல் எல்லாம் கிரனைட் இல்லை: மலையகத்தில் கல் பார்க்கும்போது வரும் தவறுகள்

தோட்டத்துப் பாதையோரம் கிடக்கிற எந்தக் கல்லைக் காட்டினாலும் பிள்ளைகள் "கருங்கல்" என்பார்கள். அம்மியும் கருங்கல்தான், லயத்து அத்திவாரமும் கருங்கல்தான். பேச்சுக்கு அது சரி. ஆனால் உருகிய குழம்பு ஆறி இறுகிய தீப்பாறைகளை இனங்காணப் பழகும்போது முதல் சறுக்கல் அங்கேதான் நடக்கிறது. கருங்கல்லை அப்படியே கிரனைட் என்று எழுதிவிடுகிறோம்.

கிரனைட் பெரும்பாலும் கறுப்பாகவே இருக்காது. வெளிர் சாம்பல் அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில், கண்ணாடித் துண்டு போன்ற குவார்ட்ஸும், வெயிலில் திருப்பினால் தட்டையாக மின்னும் பெல்ட்ஸ்பாரும், சிறிது காக்காப்பொன்னும் ஒழுங்கில்லாமல் கலந்து கிடக்கும். இந்த ஒழுங்கில்லாமைதான் முக்கியம். நம் மலைகளில் கல்லை உடைத்தால் வெளிறிய கோடும் கரிய கோடும் சேலைக்கரை போல மாறி மாறி ஓடும். அது நைஸ், உருமாறிய பாறை. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு இத்தகைய பழைய பாறைகள்தான். மலையகப் பாறைகள் சுமார் 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து நெரிந்து உருமாறியவை. உள்ளே சிவப்புக் கார்னட் மணிகள் நிறைய இருந்தால் பெரும்பாலும் உருமாறிய பாறை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, கறுத்த கல்லெல்லாம் பசால்ட் என்று நினைப்பது. பசால்ட் மேற்பரப்பில் சீக்கிரம் ஆறிய எரிமலைக் குழம்பு. அதனால் அதன் மணிகளை வெறும் கண்ணால் பிரித்துப் பார்ப்பது கடினம். இங்கே ஏமாற்றுவது சார்னோகைட். கரும்பச்சை நிறம், எண்ணெய் தடவினாற்போல ஒரு மினுக்கம், ஆனால் மணிகள் தெளிவாகத் தெரியும். சென்னைப் பரங்கிமலையிலும் இதே வகைக் கல்தான். கொல்கத்தாவில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனி அதிகாரி ஜோப் சார்னாக்கின் கல்லறைக்கு இந்தக் கல் போனதால்தான் இதற்கு அந்தப் பெயர். அது தீப்பாறையா, உருமாறியதா என்று புவியியலாளர்களே நெடுங்காலம் வாதிட்டார்கள். ஆகவே இதில் தடுமாறினால் மனம் தளர வேண்டாம்.

வெளித்தோலை நம்பாதீர்கள். நம் ஊர் மழையில் கல்லின் மேற்பரப்பு பழுப்பேறி, வெங்காயம்போல உரிந்து, உள்ளே உருண்டைக் கல் மிஞ்சும். தேயிலை மலையில் கிடக்கும் அந்த உருண்டைகளை எரிமலை கக்கியது என்கிறார்கள். இங்கே எரிமலையே இல்லை. புதிதாய் உடைந்த முகத்தை நனைத்துப் பாருங்கள். உடைக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். அப்புறம், மழைநாளில் வெட்டிய மண்மேட்டுக்குக் கீழே நின்று தயவுசெய்து கல் பொறுக்காதீர்கள்.

கபுக் கல்லின் ஓட்டைகளை எரிமலைக் குழம்பின் குமிழிகள் என்று நினைப்பதும் உண்டு. கபுக், பாறை உக்கி இரும்பு சேர்ந்த செம்மண் கல். வெள்ளைக் கல் என்றால் கவ்வாத்துக் கத்தியால் கீறுங்கள். கீறல் விழாவிட்டால் குவார்ட்ஸாக இருக்கலாம். எளிதில் விழுந்தால் பெரும்பாலும் சுண்ணாம்புப் பளிங்கு. கீறி வந்த தூளில் வினாகிரி விட்டால் மெல்ல நுரைக்கும். முழுக்கல்லில் விட்டுவிட்டு, நுரைக்கவில்லையே என்று முடிவு கட்டாதீர்கள்.

உண்மையான தீப்பாறை பார்க்க ஆசைப்பட்டால், நைஸுக்குள் நரம்புபோல் ஊடுருவிய பெக்மடைட்டைத் தேடுங்கள். மாத்தளைப் பக்கம் பெல்ட்ஸ்பார் எடுப்பது இதிலிருந்துதான். விரல் நீளப் படிகங்களைக் கண்டதும், மெதுவாய் ஆறியதுதான் காரணம் என்று எழுதிவிட வேண்டாம். கடைசியாக மிஞ்சிய குழம்பில் நீர் மிகுந்திருந்ததும் அவை அவ்வளவு பெரிதாய் வளர உதவியது.