புளோக்கில் நாய் வளர்க்க: உரிமம் எடுப்பதும் அக்கம்பக்கத்துக்குச் சொல்லித்தருவதும்

சிங்கப்பூரில் மூன்று மாத வயதைக் கடந்த எந்த வளர்ப்பு நாய்க்கும் உரிமம் கட்டாயம். இல்லாவிட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் அபராதத்துக்குப் பயந்து மட்டும் உரிமம் எடுப்பவர்கள், கட்டணம் கட்டியதும் அதை மறந்துவிடுகிறார்கள். நாயின் தோலுக்கடியில் இருக்கும் மைக்ரோசிப் எண்ணை ஒருவரின் முகவரியோடும் கைப்பேசி எண்ணோடும் இணைக்கும் பதிவுதான் உரிமம். வீடு மாறி, எண் மாறி, பதிவு மட்டும் பழையபடியே கிடந்தால் காணாமற்போன நாய் கிடைத்தும் வீடு திரும்பாது.

இந்தப் பதிவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1953 முதல் சிங்கப்பூரில் வெறிநாய்க்கடி நோய் இல்லை. அண்டை நாடுகளில் இன்னும் இருக்கிறது. என்றாவது அது இங்கே நுழைந்தால், எந்த நாய் எந்த வீட்டில் இருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்தாக வேண்டும்.

வாங்குவதற்கு முன்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஒரு நாய்தான் வளர்க்கலாம். அதுவும் அனுமதிக்கப்பட்ட 62 சிறிய இனங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம். “குட்டியாகத்தானே இருக்கிறது” என்று கடையில் பார்த்து முடிவெடுக்காதீர்கள்; முதலில் வீவக இணையத்தளத்தில் பட்டியலைப் பாருங்கள். தெருவில் பிறந்த உள்ளூர்க் கலப்பின நாயை எடுக்க விரும்பினால் ‘அடோர்’ திட்டம் இருக்கிறது. 2012ல் தொடங்கிய இந்தத் திட்டத்தின்கீழ், பங்கேற்கும் விலங்குநல அமைப்புகள் மூலம் 55 செண்டிமீட்டர் உயரம் வரையுள்ள நாயை வீவக வீட்டுக்குத் தத்தெடுக்கலாம். 2020ல் எடை வரம்பையும் நீக்கிவிட்டார்கள். கீழ்ப்படிதல் பயிற்சி கட்டாயம். அதைச் சுமையாக நினைக்க வேண்டாம். அடுக்குமாடி புளோக் வாழ்க்கைக்கு வேறெதையும்விட அதுதான் உதவும்.

உரிமம் எடுக்கும் முறை

முதலில் மைக்ரோசிப். அரிசி மணி அளவுள்ள இதை விலங்கு மருத்துவர் ஊசியால் தோள்பட்டைகளுக்கு நடுவே செலுத்துவார். முன்பே சிப் உள்ள நாய் என்றால், விலங்கு மருந்தகத்தில் கருவியால் படிக்கச் சொல்லி, திரையில் தெரியும் எண்ணை உங்கள் தாள்களில் இருப்பதோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள். பொதுவாக 15 இலக்கம் இருக்கும். ஓர் இலக்கம் பிசகினாலும் தேடும்போது உங்கள் பெயர் வராது.

நாய் உரிமத்துக்கு முதன்முறை விண்ணப்பிப்பவர்கள் இணையத்தில் ஓர் இலவசப் பாடத்தை முடிக்க வேண்டும். 2024 செப்டம்பர் 1 முதல் இது நடப்பில் உள்ளது. வீட்டில் நாயை உண்மையில் பார்த்துக்கொள்பவர் இல்லப் பணிப்பெண்ணோ தாத்தாவோ என்றால், அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள்.

பிறகு தேசியப் பூங்காக் கழகத்தின்கீழ் இயங்கும் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைப் பிரிவின் ‘பால்ஸ்’ இணையத்தளத்தில் சிங்பாஸ் (அரசாங்க மின்னடையாளக் கணக்கு) வழி நுழைந்து விண்ணப்பிக்கலாம். கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டுக் கட்டணம் 15 வெள்ளி. செய்யாததற்கு 90 வெள்ளி. கருத்தடை செய்த நாய்க்கு ஒரேமுறை 35 வெள்ளி கட்டி ஆயுள் உரிமமே வாங்கிவிடலாம். ஐந்து மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் முதல் ஆண்டு 15 வெள்ளிதான் என்பதால், அடுத்த ஆண்டு 90 வெள்ளி என்று வரும்போது பலர் திகைக்கிறார்கள். அதற்குள் மருத்துவரைக் கேட்டுக் கருத்தடையை முடித்து, சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள்.

ஆயுள் உரிமத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஆண்டுதோறும் புதுப்பிக்கத் தேவையில்லாததால், விவரம் மாறியதைத் திருத்தும் நினைப்பே வராது. நாயின் ஆண்டுத் தடுப்பூசி நாளையே அதற்கும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். அன்று சிப்பைப் படிக்கச் சொல்லுங்கள். முகவரியையும் கைப்பேசி எண்ணையும் சரிபாருங்கள். நாய் காணாமற்போனாலும், இறந்தாலும், கைமாறினாலும் அதே தளத்தில் தெரிவிக்க வேண்டும்.

மின்தூக்கியும் தாழ்வாரமும்

பொது இடத்தில் நாய்க்கு வார் கட்டாயம். பீஷான் – அங் மோ கியோ பூங்காவில் இருப்பது போன்ற வேலியிட்ட நாய் ஓடுகளத்துக்குள் மட்டும் அவிழ்க்கலாம். மின்தூக்கியில், இழுத்தால் நீளும் வகை வாரைப் பயன்படுத்தாதீர்கள். நீங்கள் உள்ளே, நாய் வெளியே என்று கதவு மூடி மின்தூக்கி நகர்ந்தால் நாயின் கழுத்து இறுகிவிடும். வாரைக் குட்டையாகச் சுற்றிப் பிடித்து, நாயை முதலில் உள்ளே விட்டு, மூலையில் நிறுத்தி, அதற்கும் மற்றவர்களுக்கும் நடுவே நீங்கள் நில்லுங்கள். உள்ளே இருப்பவர் தயங்கினால் அடுத்த மின்தூக்கிக்குக் காத்திருங்கள். முஸ்லிம் அண்டைவீட்டார் பலர் நாயின் எச்சில் படுவதைத் தவிர்ப்பார்கள். தொழுகைக்குக் கிளம்பும் நேரத்தில் இது இன்னும் முக்கியம். மலத்தை அள்ளப் பையோடு ஒரு போத்தல் தண்ணீரும் கொண்டுபோங்கள். தூணடியில் சிறுநீர் கழித்தால் உடனே ஊற்றிவிடலாம்.

மற்றவர்களுக்குச் சொல்லித்தர

மண்டபத்தில் நாற்காலி போட்டு ஒரு மணிநேரம் சொற்பொழிவு நடத்தினால், ஏற்கெனவே எல்லாம் தெரிந்தவர்கள்தான் வருவார்கள். வசிப்போர் கட்டமைப்பிடம் (குடியிருப்பாளர்களின் அக்கம்பக்கக் குழு) கேட்டு, புளோக்கின் கீழ்த்தளத்தில் மின்தூக்கிக்கு அருகே ஒரு மேசை போடுங்கள். வார நாளில் மாலை ஆறரை முதல் எட்டரை வரை நல்ல நேரம். நாயோடு நடக்க வருபவர்களில் நிறையப் பேர் இல்லப் பணிப்பெண்கள்; ஞாயிற்றுக்கிழமை நடத்தினால் அவர்களுக்கு ஓய்வு நாள், நீங்கள் சேர வேண்டியவர்கள் கிடைக்கமாட்டார்கள்.

மேசையில் மூன்று பேர் போதும். அருகிலுள்ள மருந்தகத்திலிருந்து சிப் படிக்கும் கருவியோடு ஒருவர், கைப்பேசியில் பதிவைத் திருத்த உதவ ஒருவர், பேச ஒருவர். சிங்பாஸ் கடவுச்சொல்லை யாரிடமும் கேட்காதீர்கள், அவரே நுழையட்டும். உரிமம் இல்லையென்று ஒருவர் சொன்னால் பெயரையோ வீட்டு எண்ணையோ குறித்துக்கொள்ளவே கூடாது. குறித்தால் அடுத்த முறை ஒருவரும் அந்தப் பக்கம் வரமாட்டார்.

துண்டுப்பிரசுரம் ஒரே பக்கமாக, நான்கு மொழிகளில் இருக்கட்டும். தமிழ்ப் பக்கத்தில் உணவைப் பற்றி நான்கு வரி சேருங்கள். மீந்த குழம்புச் சோற்றை நாய்க்கு வைப்பது பாசத்தால்தான்; ஆனால் வெங்காயமும் பூண்டும் அதன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், சமைத்த கோழியெலும்பு முறிந்து குடலைக் குத்தும், திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். இந்த வரிகளுக்காகவே பாட்டிமார்கள் தாளை வீட்டுக்கு எடுத்துப்போவார்கள்.

பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம் செய்துகாட்டினால் போதும். நாயைத் தொடுமுன் உரிமையாளரைக் கேட்பது. தெரியாத நாய் ஓடிவந்தால் ஓடாமல், கத்தாமல், கைகளை உடலோடு ஒட்டி, தரையைப் பார்த்தபடி அசையாமல் நிற்பது.

குரைப்புப் புகார் வந்தால்

புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் படம் போடுவதுதான் மிக மோசமான தொடக்கம். அதற்குப்பின் சமாதானம் பேசுவது கடினம். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் குரைக்கிறது என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு நேரில் போய்ப் பேசச் சொல்லுங்கள். ஆளில்லாத நேரத்தில் குரைத்தால் அது பிரிவுத் தவிப்பாக, அதாவது தனியாக விடப்படும்போது வரும் பதற்றமாக இருக்கலாம். வேலைக்குக் கிளம்புமுன் நீண்ட நடையும், சிறிது சிறிதாகத் தனிமைக்குப் பழக்குவதும் உதவும். தாழ்வாரத்தில் ஆள் நடக்கும்போதெல்லாம் குரைத்தால், கம்பிக் கதவின் கீழ்ப்பாதியை மறைத்தாலே கணிசமாகக் குறையும். பேசியும் தீராவிட்டால் சமூக சமரச நிலையத்தை நாடலாம்.

நாயை வைத்திருக்கவே முடியாத நிலை வந்தால், கைவிடுவது குற்றம். முதல்முறையே 10,000 வெள்ளி வரை அபராதமும் 12 மாதம் வரை சிறையும் விதிக்கப்படலாம். விலங்குநல அமைப்புகளிடம் சீக்கிரமே பேசுங்கள். அவர்களிடமும் இடம் குறைவு என்பதால், வீடு மாறும் வாரத்தில் கேட்டால் கிடைக்காது. புதியவரிடம் கொடுக்கும்போது தடுப்பூசி அட்டையையும் சிப் எண்ணையும் சேர்த்துக் கொடுத்து, உரிமம் அவர் பெயருக்கு மாறியதைத் தளத்தில் பார்த்து உறுதிசெய்யுங்கள். அதுவரை பதிவில் இருப்பது உங்கள் பெயர்தான்.