ரூட் கடவுச்சொல்லைப் பகிராமல் ஒரு சேவைக்கு மட்டும் அனுமதி அளிப்பது

டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் சர்வர்களில் என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சேவையை மறுதொடக்கம் செய்வதற்காக மட்டுமே மென்பொருள் குழுவினருக்கு, முழு அதிகாரம் கொண்ட ரூட் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்துவைக்கும் பழக்கம் இன்றும் இருக்கிறது. கடவுச்சொல் பலர் கைக்குப் போன பிறகு, யார் எதைச் செய்தார் என்று பதிவேட்டில் பிரித்தறிய முடியாது. இதற்கு உரிய வழி, குறிப்பிட்ட கட்டளைகளை மட்டும் ரூட் அதிகாரத்துடன் இயக்க அனுமதிக்கும் சூடோ என்ற நிரல்.

டிப்ளாய் என்று ஒரு குழுவை உருவாக்கி, ஒவ்வொருவரின் தனிக் கணக்கையும் அதில் சேருங்கள். பிறகு, ரூட் ஷெல் (ரூட்டாகக் கட்டளையிடும் முனையம்) ஒன்றை வேறொரு சாளரத்தில் திறந்தே வைத்துக்கொண்டு, சூடோ விதிகளைத் திருத்தும் விசூடோ வழியாக, அவ்விதிகள் இருக்கும் சூடோயர்ஸ்-டி கோப்புறையில் ஒரு புதிய கோப்பைத் தொடங்குங்கள். பழைய சூடோ பதிப்புகளில் ஓர் எழுத்துப்பிழையே சூடோவை எல்லோருக்கும் முடக்கிவிடும் என்பதால், சேமிக்கும் முன் பிழை பார்க்கும் விசூடோவைத் தவிர்க்கக் கூடாது. கோப்பின் பெயரில் புள்ளி இருந்தால் சூடோ அதைப் படிக்காமல் கடந்துவிடும்.

கோப்பில் எழுத வேண்டியது ஒரே வரிதான்: சதவீதக் குறியுடன் குழுவின் பெயர், அடுத்து ஆல், சமக்குறி, அடைப்புக்குறிக்குள் ரூட், இறுதியில், சேவைகளை இயக்கவும் நிறுத்தவும் உதவும் சிஸ்டம்சிடிஎல் நிரலின் முழுப் பாதையும் ரீஸ்டார்ட், என்ஜின்எக்ஸ் என்ற இரு சொற்களும். சூடோ இவற்றை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதால், கட்டளையிடுபவர் சேவைப் பெயரின் ஈற்றில் டாட்-சர்வீஸ் என்று சேர்த்தாலே அனுமதி மறுக்கப்படும். அந்தச் சிரமத்துக்காகச் சேவைப் பெயரின் இடத்தில் நட்சத்திரக் குறியை இட்டுவிடாதீர்கள். அது இடைவெளியையும் ஏற்கும், அதன் வழியே பிற சேவைகள் எல்லாம் உள்ளே வந்துவிடும்.

பெரும்பாலோர் ஏமாறும் இடம், சேவையின் நிலையைக் காட்டும் சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் கட்டளை. பார்ப்பதற்குத்தானே என்று அதையும் அனுமதியில் சேர்த்துவிடுகிறார்கள். வெளியீடு திரையில் அடங்காதபோது அது லெஸ் என்ற பேஜரில் (நீண்ட வெளியீட்டைப் பக்கம் பக்கமாகக் காட்டும் நிரல்), ரூட் அதிகாரத்துடனேயே திறக்கிறது. அங்கே ஆச்சரியக்குறியை அடுத்து எஸ், எச் என்ற இரண்டு எழுத்துகளைத் தட்டி என்டர் அழுத்தினால் ரூட் ஷெல் கைக்கு வந்துவிடும். சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் 247-க்கு முந்தைய பதிப்புகளில் உள்ள இந்த ஓட்டை சிவிஇ-2023-26604 என்ற பாதுகாப்புக் குறைபாட்டு எண்ணில் பதிவாகியிருக்கிறது. ஸ்டேட்டஸ் பார்க்க ரூட் அதிகாரமே வேண்டியதில்லை. பதிவுகளையும் படிக்க வேண்டியவர்களை சிஸ்டம்டி-ஜர்னல் குழுவில் சேருங்கள், ஆனால் சர்வரின் எல்லாச் சேவைகளின் பதிவுகளும் அவர்களுக்குத் தெரியும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

சேவை ரூட்டாக ஓடி, அது இயக்கும் ஸ்கிரிப்டை அதே குழுவினர் திருத்தவும் முடியும் என்றால், மறுதொடக்க அனுமதி ஒன்றே முழு ரூட் அதிகாரம் ஆகிவிடும். ஆகவே அந்தக் கோப்புகளின் உரிமையாளர் யார், யாருக்கு எழுதும் அனுமதி உண்டு என்பதை வரியை எழுதும் முன்பே பார்த்துவிடுங்கள். கடவுச்சொல் கேட்காதிருக்கும் நோபாஸ்வேர்ட் சலுகையைத் தானியங்கி டிப்ளாய்மென்ட் கணக்குக்கு மட்டும் அளிப்பது நல்லது.

எழுதி முடித்ததும், குழுவில் உள்ள ஒருவரை எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வரில் நுழையும் சேவை) வழியாக நுழையச் சொல்லி, சூடோ மைனஸ் எல் கட்டளையால் தமக்குக் கிடைத்த அனுமதிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் என்ஜின்எக்ஸை மறுதொடக்கம் செய்ய முடிய வேண்டும். எஸ்எஸ்எச் சேவையை மறுதொடக்கம் செய்ய முயன்றால் மறுப்பு வர வேண்டும். இரண்டு முயற்சிகளும் ஆத்-லாக் என்ற பதிவுக் கோப்பில், அது இல்லாத புதிய டெபியனில் சிஸ்டம்டி ஜர்னலில், அவருடைய பெயரிலேயே பதிவாகியிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே, திறந்து வைத்த ரூட் ஷெல்லை மூடுங்கள்.