கிட்டில் அன்ட்ராக்டு ஃபைல்கள்: அழிக்கும் முன் ஒருமுறை பாருங்கள்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதினால் புராஜெக்ட் ஃபோல்டரில் எல்லாம் வந்து சேரும். டெஸ்டுக்குப் போட்ட பேக்கிங் லிஸ்ட், ஜாப் ஒர்க் பில், நூல் ஸ்டாக் எக்ஸல் என்று கிட்டில் (கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் சாஃப்ட்வேர்) கிட் ஸ்டேட்டஸ் அடித்ததும் அன்ட்ராக்டு ஃபைல்ஸ், அதாவது கிட் இன்னும் கண்காணிக்காத ஃபைல்கள், என்ற தலைப்பின் கீழ் வரிசையாக நிற்கும். கட்டளைகளை இங்கே தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

ஒன்றை மனதில் வையுங்கள்: ஒருமுறைகூட ஆட் செய்யாத (கிட்டில் சேர்க்காத) ஃபைலுக்குக் கிட்டிடம் பிரதி கிடையாது. அழிந்தால் கிட்டை வைத்து மீட்க முடியாது.

படி 1: கிட் ஸ்டேட்டஸ் -யுஆல். வெறும் ஸ்டேட்டஸ், புது ஃபோல்டரின் பெயரை மட்டும் காட்டும். யுஆல் போட்டால்தான் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும்.

படி 2: வேண்டிய ஃபைல்களைப் பெயர் சொல்லி ஆட் செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே அடியாகச் சேர்க்கும் கிட் ஆட் புள்ளி எனக்குப் பிடிக்காது. பையர் விலை போட்ட எக்ஸலும் அதோடு ஏறிவிடும்.

படி 3: இருக்க வேண்டும், ஆனால் கிட்டில் ஏறக்கூடாது என்பவற்றை .கிட்இக்னோரில் எழுதுங்கள். உங்கள் மெஷினுக்கு மட்டும் என்றால் .கிட்/இன்ஃபோ/எக்ஸ்க்ளூட் ஃபைலில் எழுதினால் போதும், டீமுக்குப் போகாது.

படி 4: மிச்சக் குப்பைக்கு கிட் கிளீன். இங்கேதான் நிதானம் வேண்டும். -என் சேர்த்தால் எதையும் அழிக்காமல், எவை போகும் என்று மட்டும் சொல்லும். ஆனால் கிட் கிளீன் -என் என்று மட்டும் அடித்தால் புது ஃபோல்டர்கள் பட்டியலில் வராது. அதைப் பார்த்து தைரியமாக -எஃப்டி (எஃப் என்றால் நிஜமாகவே அழி, டி என்றால் ஃபோல்டர்களையும் சேர்) அடித்தால் ரிப்போர்ட்ஸ் ஃபோல்டர் முழுவதும் போய்விடும், ரீசைக்கிள் பின்னிலும் இருக்காது. அதனால் அழிக்கும்போது என்னென்ன எழுத்து போடப் போகிறீர்களோ, பார்க்கும்போதும் அதையே போடுங்கள்: முதலில் -என்டி, அப்புறம் -எஃப்டி. சின்ன -எக்ஸ் சேர்த்தால் இக்னோர் செய்த ஃபைல்களும் அழியும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு வைத்திருக்கும் .என்வ் ஃபைலும் பெரும்பாலும் அந்த இக்னோர் பட்டியலில்தான் இருக்கும். புதிதாகப் பழகுபவர்கள் -எக்ஸ் பக்கமே போக வேண்டாம்.

துளி சந்தேகம் இருந்தாலும் கிளீனை விட கிட் ஸ்டாஷ் -யு நல்லது. அன்ட்ராக்டு ஃபைல்களோடு, பாதியில் நிற்கும் மற்ற மாற்றங்களையும் ஓரமாக எடுத்து வைக்கும். கிட் ஸ்டாஷ் பாப் அடித்தால் எல்லாம் திரும்ப வரும்.

பின்சேர்க்கை: "இக்னோர்ல எழுதியும் ஃபைல் வந்துட்டேதானுங்க இருக்குது" என்று ஈரோட்டு வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அது ஏற்கெனவே கமிட் ஆன, அதாவது கிட்டில் பதிவான ஃபைல். இக்னோர் அன்ட்ராக்டு ஃபைல்களுக்கு மட்டும்தான் வேலை செய்யும். கிட் ஆர்எம் --கேச்டு என்று அடித்து ஃபைல் பெயரைக் கொடுத்து, கமிட் செய்யுங்கள். உங்கள் மெஷினில் ஃபைல் அப்படியே இருக்கும். ஆனால் டீமில் மற்றவர்கள் புல் செய்யும்போது (உங்கள் மாற்றத்தை இறக்கும்போது) அவர்கள் மெஷினில் அது அழிந்துவிடும். புஷ் செய்வதற்கு (மாற்றத்தை டீமுக்கு ஏற்றுவதற்கு) முன்பே, ஒரு காப்பி எடுத்து வைக்கச் சொல்லி அவர்களுக்குத் தகவல் கொடுத்துவிடுங்கள்.