காட்டுத்தீ: புல் காயும் முன்பே ஊரில் பேசுங்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையில் பிப்ரவரி முதல் மே வரை தீக்காலம். பொங்கல் முடிந்த கையோடு ஊராரிடம் தீத்தடுப்பைப் பற்றிப் பேசும் வேலையைத் தொடங்குங்கள்.

வன அலுவலகச் சுவரில் ஒட்டும் அறிவிப்பு ஆடு மேய்ப்பவரை எட்டாது. மந்தை பட்டிக்குத் திரும்பும் அந்திநேரத்தில் ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். பிறகு டீக்கடையில் உட்கார்ந்து பேசுங்கள். வெறுமனே ‘தீ வைக்காதீர்கள்’ என்றால் காதில் ஏறாது. புதுப்புல் முளைக்கட்டும் என்றுதான் பலர் கொளுத்துகிறார்கள். எரிந்து மொட்டையான சரிவில் கோடைமழை மேல்மண்ணை அரித்துப்போன இடத்துக்கே கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

பங்குனித் திருவிழாவுக்கு மலையேறுவோருக்கு அடிவாரத்திலேயே செய்துகாட்டுங்கள்: அடுப்பைச் சுற்றி 3 மீட்டருக்குச் சருகை மண் தெரியக் கூட்டுங்கள், அணைக்கும்போது தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள், புறங்கையைச் சாம்பலருகே கொண்டுபோய்ச் சூடு இல்லை என்று உறுதிசெய்யுங்கள். மண்ணை மட்டும் போட்டு மூடினால் கங்கு உள்ளே கனன்றுகொண்டே இருக்கும், காற்றடித்தால் கிளம்பிவிடும்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய தீயில் மலையேற்றக்காரர்கள் சிக்கி இறந்தார்கள். அதனால் இதையும் விடாமல் சொல்லுங்கள்: தீ மேட்டை நோக்கி வேகமாக ஏறும், உச்சிக்கு ஓடாமல் பக்கவாட்டில், ஏற்கெனவே எரிந்த இடத்துக்கோ பாறைக்கோ விலகுங்கள். 101க்கு அழைக்கும்போது ஓடை, பாறையின் பெயரோடு இடத்தைச் சொல்லுங்கள்.