முள்முருங்கைப் போத்து நட வேண்டுமா?

கடலூரில் உள்ள திருப்பாதிரிப்புலியூருக்குப் பெயர் கொடுத்தது பாதிரி மரம். அதைப் பாடலீசுவரர் கோயிலில் பார்த்துக்கொள்ளலாம். வீட்டு வேலிக்கு என் ஓட்டு முள்முருங்கைக்குத்தான். கல்யாண முருங்கை என்பதும் இதுவே.

விதை வேண்டாம், போத்து (நடுவதற்கு வெட்டும் கிளைத்துண்டு) போதும். மணிக்கட்டுப் பருமனுள்ள முற்றிய கிளையில் நான்கடி வெட்டுங்கள். அடியைச் சாய்வாகவும் தலையைச் சமமாகவும் வெட்டினால் நடும்போது தலைகீழாகாது. (எங்கள் வீட்டுக்காரர் ஒன்றை அப்படித்தான் நட்டார்.) மூன்று நான்கு நாள் நிழலில் சாத்தி வெட்டுவாயைக் காயவிட்டு, ஒன்றரை அடி ஆழத்தில் இறுக்கி நடுங்கள். தலையில் சாணி அப்புவது என் மாமியார் வழக்கம், நானும் அப்புகிறேன்.

முதல் முறை ஐப்பசி அடைமழையில் நட்டேன். ஆறும் அழுகின. பிடுங்கியபோது பட்டை மட்டும் புளித்த வாடையோடு கையில் கழன்று வந்தது. மறு வருடம் ஆவணியில் நட்டு, வாரம் இருமுறை ஒரு செம்பு தண்ணீரோடு நிறுத்திக்கொண்டேன். ஐந்து பிழைத்தன. துளிர்த்துவிட்டதே என்று ஆட்டிப் பார்க்காதீர்கள். வேர் பிந்தித்தான் பிடிக்கும்.

மார்கழிக்குப் பிறகு இலையெல்லாம் கொட்டிவிடும். பட்டுவிட்டது, வெட்டிவிடுங்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா வருடந்தோறும் சொல்வார். பட்டையை நகத்தால் கீறினால் உள்ளே பச்சை தெரியும். மாசியில் அந்த மொட்டைக் கொம்புகளின் நுனியில் நெருப்புச் சிவப்பாகப் பூ வரும். விடிந்ததும் மைனாவும் காக்கையும் தேனுக்குச் சண்டை போடும். பூ நுனியில்தான் என்பதால், ஆட்டுக்குத் தழை ஒடிப்பதை ஐப்பசியோடு நிறுத்துங்கள்.

கூரையோரம் மட்டும் நடாதீர்கள். மரம் பூப்போல மென்மையானது. 2011 டிசம்பர் 30-இல் அடித்த ‘தானே’ புயலில் எங்களுடையது இடுப்போடு முறிந்தது. விழுந்த கிளைகளில் இரண்டு கிடந்த இடத்திலேயே துளிர்த்ததால், அவற்றையே போத்தாக்கினேன்.

பச்சை விதை நஞ்சு. குழந்தைகள் கையில் கிடைக்க விடாதீர்கள். இலையும் காம்பும் கழலை கழலையாக வீங்கினால் அது ஒரு நுண்குளவியின் வேலை. 2004-இல்தான் அறிவியல் அதற்குப் பெயரிட்டது. அந்தக் கொம்புகளை வெட்டி எரித்துவிடுங்கள், எருக்குழியில் போடவேண்டாம். வீங்காத இளந்தழையை நரம்பு கிள்ளி, ஊறிய புழுங்கலரிசி, மிளகு, சீரகத்தோடு அரைத்தால் சளிக்காலத்து அடைக்கு மாவு தயார்.